உடுமலை எடைமேடை முதல் டாப் ஸ்டேஷன் வரை

சரக்கு ரயில் நின்றிருக்கும்போது, அதன் வேகன்களின் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் சில எண்கள் எழுதியிருப்பதை அன்பர்கள் கவனித்திருக்கலாம். அவற்றுள் ஒன்று வேகனின் வெறும் எடை. எங்கள் இலாகாவில் அதை 'டேர்' என்போம். மற்றொன்று அது தாங்கக்கூடிய சரக்கின் எடை. நிலக்கரி ஏற்றுவதற்கென வகுக்கப்பட்ட 'பாக்ஸ்-என்' வகை வேகன் ஏறத்தாழ 22½ டன் வெறும் எடை உடையது. சரக்கோடு சேர்த்து 81.28 டன் என்று முதலில் அதற்கு எல்லை வைத்தார்கள். நான்கு அச்சுகளுக்கும் பங்கிட்டால் அச்சு ஒன்றுக்கு 20.32 டன். இந்தக் கணக்கைப் பாராமல் எந்த வேகனையும் பாதையில் விடுவதில்லை. பயணி கொண்டுவரும் பெட்டிக்கும் படுக்கைக்கும்கூடப் படுக்கை வகுப்பில் 40 கிலோ, இரண்டாம் வகுப்பில் 35 கிலோ என இலவச வரம்பு உண்டு. இவ்வாறு அன்றாடம் பிறர் பாரத்தை நிறுத்துப் பார்க்கும் நாங்கள், எங்கள் குடும்பங்களோடு மலைக்குப் புறப்பட்டபோது தராசு என்ற ஒன்று உலகில் இருப்பதையே மறந்துவிட்டோம்.

முதல் பாடம் நெல்லியாம்பதியில் கிடைத்தது. பாலக்காட்டிலிருந்து நென்மாறை சென்று, போத்துண்டி அணையைக் கடந்தால் மலைச்சாலை தொடங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகள் பல உண்டு. சென்ற ஆண்டு நாங்கள் போனபோது ஜீப்பின் கூரைமேல் கூடாரம், பாத்திரமூட்டை, தண்ணீர்க் கேன்கள் எல்லாவற்றையும் கட்டியிருந்தோம். சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது வளைவில் எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது ஜீப் பள்ளத்தின் பக்கம் சாய்ந்து, ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு நிமிர்ந்தது. பெண்கள் கூவியது பஸ்காரருக்கும் கேட்டிருக்கும். தலையில் குடத்தோடு வரப்பில் நடப்பவள் கொஞ்சம் சாய்ந்தாலும் விழுவாள். அதே குடத்தை இடுப்பில் வைத்தவள் சமாளித்துக்கொள்வாள். பாரம் உயரே ஏற ஏற, வண்டி கவிழ்வதற்கு வேண்டிய சாய்வு குறைந்துகொண்டே போகிறது. கூரைக்கு எவ்வளவு பாரம் தகும் என்பதை வண்டியோடு தரும் கைப்புத்தகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதை நாங்கள் படித்தது வீடு திரும்பிய பிறகுதான்.

இவ்வாண்டு தை மாதம் மீண்டும் புறப்பட்டோம். இம்முறை நோக்கம் வேறு. எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் குண்டளைப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் அங்கே கொழுந்து கிள்ளியவர். பன்னிரண்டு வயதில் மலையை விட்டிறங்கிய பெரியவர் பின்பு ஒருமுறைகூட அங்கே போகவில்லை. அவருடைய தம்பி மகள் இன்றும் தோட்டத்தில் வேலை செய்கிறாள். "கால் நடக்கும்போதே ஒருமுறை பார்த்துவிட வேண்டும்" என்று அவர் கேட்டபோது மறுப்பாரில்லை. டாப் ஸ்டேஷனுக்கு அப்பால், அனுமதி பெற்ற தனியார் முகாம் ஒன்றில் இரண்டு இரவு தங்குவதென முடிவு செய்தோம். வனத்துறை அனுமதியின்றிக் காட்டுக்குள் கூடாரம் அடிப்பது குற்றம். ஆர்வமுள்ள இளைஞர்கள் இதை மறக்கலாகாது.

ஜீப்பில் எழுவர். பின்னே இழுத்துச் செல்ல, முறைப்படி பதிவு செய்த இருசக்கர டிரெய்லர் ஒன்று. கூரைப் பாரத்தை இறக்கிவிட்டோமே, இனி என்ன பயம் என்ற நினைப்பில் டிரெய்லரை நிரப்பினோம். இடம் இருக்கிறவரையில் எடையும் இருக்கிறது என்று எண்ணுவது மனித சுபாவம். பாலக்காட்டை விட்டுப் புறப்படுகையில் கடைசி நிமிஷத்தில் மூன்று தண்ணீர்க் கேன்கள் மறுபடியும் கூரைக்கே ஏறிவிட்டன என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

பொள்ளாச்சியைத் தாண்டும்போது பேச்சு பரம்பிக்குளத்தின் பக்கம் திரும்பியது. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும் வண்டியில் போவதானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப் ஸ்லிப் எனத் தமிழ்நாட்டு வழியாகவே போகவேண்டும். அங்கிருந்து சாலக்குடி வரையில் கொச்சி அரசின் காட்டு டிராம்வே 1907 முதல் 1963 வரை மரம் சுமந்தது. செங்குத்தான சரிவுகளில் எஞ்சின் இழுப்பதில்லை; மரம் ஏற்றிய வண்டிகள் கம்பிவடத்தில் கீழே இறங்கும்போது, வடத்தின் மறுமுனையிலுள்ள காலி வண்டிகள் தாமாகவே மேலே ஏறும். கிணற்றுக் கப்பியில் ஒரு வாளி இறங்க மற்றது ஏறுவதுபோலத்தான். பாரத்தையே வேலைக்காரனாக வைத்துக்கொண்ட சாமர்த்தியம் அது. எங்கள் பாரமோ எங்களுக்கு எஜமானாகிக்கொண்டிருந்தது. ஏற்றமே இல்லாத உடுமலைச் சாலையிலும் ஜீப்பின் முன்புறம் மிதப்பதுபோல் இருப்பதாக ஓட்டுநர் இருமுறை சொல்லிவிட்டார்.

உடுமலைப்பேட்டையில் லாரிகளை நிறுக்கும் எடைமேடை ஒன்றைக் கண்டதும் அவர் தாமாகவே வண்டியை உள்ளே திருப்பினார். சிறு தொகைக்கு யார் வேண்டுமானாலும் நிறுத்துக்கொள்ளலாம், ரசீதும் தருகிறார்கள். டிரெய்லரை மாட்டியபடியே ஜீப்பின் நான்கு சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தினோம். ஆட்களும் உள்ளே இருந்தார்கள். 2,410 கிலோ! எங்கள் வண்டிக்கு எல்லை 2,350. பின்பு டிரெய்லரைக் கழற்றித் தனியே ஏற்றினோம். 590 கிலோ, அதன் எல்லை 500. ஆக, ஜீப்பில் 60, டிரெய்லரில் 90, மொத்தம் 150 கிலோ மிகை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், மிகைப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. அபராதம் கிடக்கட்டும். எங்கள் முன்னே சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு வரை மலை நின்றது.

ரசீதை வாங்கிப் பார்த்த பெரியவர் மெல்ல இறங்கினார். "தம்பி, கணக்கு நேராகத்தான் இருக்கிறது. ஜீப்பில் அறுபது அதிகம். என் எடை ஐம்பத்தெட்டு. நான் மூணாறு பஸ்ஸில் வந்துவிடுகிறேன். நீங்கள் சாமானோடு வாருங்கள்" என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. தம் துணிப்பையையும் எடுத்துக்கொண்டுவிட்டார். யாருக்காக இப்பிரயாணமோ அவரே பாரம் என்று இறங்கி நின்றதைக் கண்டு எங்களுக்கு வாயடைத்துப்போயிற்று. சிறிது நேரத்துக்குப் பின் எங்கள் வீட்டுப் பெண்மணி ஒருவர் ஒன்றும் பேசாமல் டிரெய்லரின் தார்ப்பாயை அவிழ்க்கத் தொடங்கினார்.

வெளியே வந்தவற்றைக் கேளுங்கள். கூரைமேலிருந்த மூன்று கேன் தண்ணீர்: ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால் அதுவே 60 கிலோ. முகாமில் ஊற்றுநீர் உண்டென்று தெரிந்தும் சுமந்து வந்தோம்! சமையல் எரிவாயு உருளை ஒன்று: அதிலுள்ள வாயு 14.2 கிலோதான், இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30. (உருளையின் மேற்புறத்திலும் அதன் டேர் எழுதப்பட்டிருக்கும், வாங்கும்போது பார்த்துக்கொள்க.) மடக்குக் கட்டில்கள் இரண்டு, அரிசியில் 20 கிலோ, ஒரு கட்டு விறகு. விறகை விட்டுச் செல்வதில் யாருக்கும் வருத்தமில்லை. 2018 மார்ச் 11 அன்று அந்த மலைக்குக் கீழே குரங்கணிக் காட்டில் மூண்ட தீயில் மலையேறச் சென்றவர் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அப்பக்கம் திறந்தவெளியில் தீ மூட்ட யாருக்குத்தான் மனம் வரும்? அரிசி மூட்டை குறைந்ததும் ஒருவகையில் நல்லதே. சின்னக்கானல் பக்கம் அரிசிக்காகவே கடைகளை உடைத்து 'அரிக்கொம்பன்' என்று பெயர் வாங்கிய யானையை 2023 ஏப்ரலில் பிடித்து வேறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியாகத் தார்ப்பாயின் அடியிலிருந்து மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று வெளிவந்தது. மின்சாரமே இல்லாத முகாமுக்கு அதைக் கொண்டுவந்தவர் யார் என்பது இன்றுவரை வெளிப்படவில்லை. சாமான்களை ஒரு தெரிந்த அரிசிக்கடையில் ஒப்படைத்தோம். டிரெய்லர் 488 கிலோவுக்கு இறங்கியது.

எடை குறைந்தும் ஓட்டுநர் புறப்பட மறுத்தார். டிரெய்லரின் மூக்கை, அதாவது ஜீப்பின் கொக்கியில் மாட்டும் முனையை, அரிசிக்கடைத் தராசின்மேல் வைக்கச் சொன்னார். 15 கிலோதான் காட்டியது. பாரம் எல்லாம் பின்கோடியில் கிடந்தது! மாட்டுவண்டி ஓட்டிய பரம்பரைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வண்டி பின்பாரமானால் நுகத்தடி மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரமானால் கழுத்தை அழுத்தித் தேய்க்கும். டிரெய்லரும் அவ்வாறே. பின்பாரமானால் கொக்கியை மேலே தூக்கும். இறக்கத்தில் நாய்வால்போல் இடமும் வலமும் ஆடி, இழுக்கும் வண்டியையும் சேர்த்து ஆட்டும். மிகுந்த முன்பாரமானால் ஜீப்பின் பின்புறம் அமுங்கி முன்சக்கரங்கள் இலேசாகும்; ஏற்றத்தில் ஸ்டியரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. மொத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மூக்கில் இருக்கவேண்டும் என்பது ஓட்டுநர் கணக்கு. கனமானவற்றை அச்சுக்கு நேரேயும் சற்று முன்னேயும் தாழ வைத்து, படுக்கைகளைப் பின்னுக்குத் தள்ளியபோது தராசு 48 காட்டியது. ஒரு கிலோவும் கூடாமல் குறையாமல், இடம் மாறியதனால் மட்டும் வந்த மாற்றம் இது.

மறையூரைக் கடந்து மூணாறு சென்று, மாட்டுப்பட்டி வழியாகக் குண்டளைப் பாதையில் ஏறினோம். இதே தடத்தில் 1902-இல் மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. யூயிங் முறை என்பது அதன் பெயர். சிறிய சக்கரங்கள் ஒரே தண்டவாளத்தின்மேல் ஓடும். சாயாமல் தாங்குவதற்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் தரையில் உருளும். இம்முறையில் பாரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தண்டவாளத்தின் தலையில் விழும். எஞ்சிய அற்பமே தரைச்சக்கரத்துக்கு. மூட்டையை அடுக்குபவன் கொஞ்சம் தவறினாலும் அந்தச் சமன் கெடும். 1908-இல் அதை மாற்றி இரண்டடி அகலமுள்ள சிறு ரயில்பாதை போட்டார்கள். தேயிலை ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தமிழ்நாட்டுப் பக்கம் கொட்டக்குடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் சேரும். 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையை அடியோடு அழித்துவிட்டது. பின்பு அது போடப்படவே இல்லை. ரயில் இல்லாத ஸ்டேஷனின் பெயரை மட்டும் ஊர் காப்பாற்றிவருகிறது. ரயில்வேக்காரர்களாகிய எங்களுக்கு அவ்விடத்தில் சற்று நேரம் பேச்சு எழவில்லை.

தார்ச்சாலை முடிந்த இடத்தில் உள்ளூர் ஜீப் ஓட்டுநர் ஒருவர் எங்கள் டிரெய்லரைப் பார்த்துச் சிரித்தார். "இதை இங்கேயே விட்டுவிட்டு இரண்டு நடையாகப் போங்கள், முதல் நடை ஆள், இரண்டாம் நடை சாமான்" என்றார். எங்களுள் சிலருக்கு இது கௌரவக் குறைவாகப் பட்டது. கல்லும் குழியுமாய்க் கிடந்த அந்த நான்கு கிலோமீட்டர்ப் பாதையைக் கண்டபின் கௌரவம் தானே அடங்கியது. அத்தகைய வழியில் எதிரே வண்டி வந்தால் டிரெய்லரோடு பின்னுக்குப் போவது எளிதன்று. ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர், பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமற்போகும் என்றும் அவர் சொல்லிக்கொடுத்தார். இரண்டு நடைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாயிற்று, வேறு சேதமில்லை. கார்வான் வண்டியில் சுகமாகத் தங்க விரும்புவோருக்கு, கேரள அரசு 2021-இல் தொடங்கிய திட்டப்படி வாகமண்ணில் நிறுத்துமிடமே அமைந்துள்ளது. அவர்கள் இந்தப் பாதையை நாடவேண்டாம்.

மறுநாள் காலை பெரியவரை லயத்துக்கு அழைத்துச் சென்றோம். அவர் பிறந்த அறை இருந்த வரிசையில் இப்போது வேறு குடும்பங்கள். வாசலில் சிறிது நின்றார். உள்ளே வரும்படி அழைத்தும் போகவில்லை. பிறகு கொழுந்து நிறுக்கும் கொட்டகையைக் காட்டச் சொன்னார். சாக்கை அம்மாவோடு சேர்ந்து தாம் தூக்கி வந்ததையும், மழை நாளில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கணக்கர் எடையைக் கழித்துக்கொள்வதையும் சொன்னார். "ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது அவர் வாயில் வந்ததுதான். அம்மா எதிர்த்துப் பேசமாட்டாள். நடந்து வரும்போதே சாக்கைக் கையால் தூக்கிப் பார்த்து எடை சொல்லப் பழகிக்கொண்டேன். கணக்கர் சொல்வதற்கு முன் அம்மா காதில் சொல்லிவிடுவேன்" என்றார். தம்பி மகள் கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுடைய கூலியும் இன்று கிலோக் கணக்கோடு பிணைந்ததே. போனஸையும் கூலியையும் கேட்டு 2015 செப்டம்பரில் மூணாறுச் சாலையில் அமர்ந்த பெண்களுள் அவளும் ஒருத்தி என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

புறப்படும்போது அவள் ஒரு சாக்கு நிறைய வட்டவடைப் பூண்டும் காரட்டும் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வேண்டாமென்று சொல்ல யாருக்கும் நா எழவில்லை. பெரியவர் சாக்கின் இரு காதையும் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினார், இறக்கினார். "பதினெட்டு" என்றார். அதை டிரெய்லரின் அச்சுக்கு நேரே வைத்துக் கட்டினோம்.

உடுமலையில் எங்கள் சாமான்களை மீட்க அரிசிக்கடைக்குச் சென்றபோது, ஆவல் தாங்காமல் அந்தச் சாக்கைத் தராசில் ஏற்றினோம். 18 கிலோ 700 கிராம். எழுநூறு கிராம் தவறிவிட்டதே என்று அவரைச் சீண்டினோம். பெரியவர் ஜீப்பிலிருந்தபடியே தலையை நீட்டி, "சாக்கைக் கழித்தீர்களா, தம்பி?" என்று கேட்டார்.