எதிராளி கேட்ட கேள்வி

கறம்பக்குடிப் பக்கம் ஆடி மாதத்து மொய் விருந்துக்கு வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நெற்றி நிறையத் திருநீறு பூசியவரும், தொப்பி வைத்த பாயும், கறுப்புச் சட்டைக்காரரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மொய் எழுதுகிற நோட்டில் சாமி கும்பிடுகிறவர், கும்பிடாதவர் என்று தனித்தனிப் பக்கம் கிடையாது. சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் பேச்சைக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் வெளியூர்ப் பயணத்தைத் தள்ளி வைக்கிற வட்டாரமும் இதுதான். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பது எங்களுக்குப் பழக்கம்.

நான் நம்புகிறவன். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும், காலையில் குளித்துத் திருநீறு பூசி ஒரு பதிகமாவது படித்த பிறகுதான் எனக்குக் காபி. என் மச்சான், தங்கை வீட்டுக்காரர், வாலிப வயதில் போட்ட கறுப்புச் சட்டையை இன்னும் கழற்றாதவர். நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடவுளில் போய் நிற்கும். இத்தனை வருடத்தில் அவர் என்னை மாற்றவில்லை, நான் அவரை மாற்றவில்லை. ஆனால் என் வீட்டில் நடக்கிற பல காரியங்கள் அவர் கேட்ட கேள்விகளால் மாறியிருக்கின்றன. அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெரியார் என்றால் சிலை உடைத்தவர் என்றும், பக்தர்கள் என்றால் அவரை ஏசியவர்கள் என்றும் இரண்டே வரியில் படித்து முடித்துவிடுகிறார்கள். நடந்த கதை அதைவிடப் பெரியது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் திரு.வி.க. பழுத்த சைவர். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்டுப் பெரியார் கொண்டுவந்த தீர்மானத்துக்கு அவர் அனுமதி தரவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரஸோடு அவருக்கு இருந்த உறவும் அத்தோடு முறிந்தது. ஒரு மனிதனின் அரசியல் வாழ்க்கையையே திருப்பிப் போட்ட மறுப்பு அது. அதற்கு முந்திய ஆண்டில்தான் வைக்கம் போராட்டம் தொடங்கியது. பெரியாரை ‘வைக்கம் வீரர்’ என்று எழுதிப் பெயர் நிலைக்கச் செய்தவரும் இதே திரு.வி.க.தான்.

இத்தனைக்கும் பிறகு திரு.வி.க. ஈரோட்டுக்குப் போய்ப் பெரியார் வீட்டில் தங்கியிருக்கிறார். அவர் காவிரியில் குளித்துக் கரையேறியபோது பெரியார் கையில் திருநீற்றோடு காத்துக்கொண்டிருந்தாராம். இரண்டு தரப்பாரும் பல மேடைகளில் சொல்லி நான் கேட்டிருக்கிற செய்தி. விருந்தினருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுப்பது நம் ஊரில் எல்லார் வீட்டிலும் உள்ள பண்பு. ஆனால் அந்தத் திருநீற்றைக் கையில் எடுத்தவர், அதன் பெயரால் நடந்த கொடுமைகளை ஊர் ஊராகப் பேசியவர். மறுநாள் மேடையில் அவர் தன் பேச்சில் ஒரு சொல்லைக்கூடக் குறைத்துக்கொள்ள மாட்டார் என்பது திரு.வி.க.வுக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிப் பூசிக்கொண்டார். இருவரில் யாரும் தன் கொள்கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை. அதனால்தான் அந்த நட்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

குன்றக்குடி எங்களுக்குத் தூரமில்லை. புதுக்கோட்டை போய்த் திருமயம் வழியாகக் காரைக்குடிப் பாதையைப் பிடித்தால் போதும். 1952-இல் அந்த ஆதீனத்தின் பொறுப்பை ஏற்ற தெய்வசிகாமணி அருணாசல தேசிகரைத்தான் உலகம் குன்றக்குடி அடிகளார் என்று அழைத்தது. பெரியாரின் நாத்திகப் பிரசாரம் ஊரெங்கும் பரவியிருந்த காலம். அதற்கு எதிராகவே அருள்நெறித் திருக்கூட்டத்தின் மேடைகளில் அடிகளார் ஊர் ஊராகப் பேசினார். 1953 மே மாதம் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தினார். அது பக்தர்கள் மனத்தை எவ்வளவு புண்படுத்தியது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் தகப்பனார் அந்தச் செய்தியைச் சொல்லும்போதெல்லாம் குரல் கம்மிப் போகும். அவர் வீட்டுப் பிள்ளையார் மண்ணில் பிடித்த சின்னப் பிள்ளையார், அவருக்கு அது பேசுகிற துணை.

அப்படிப்பட்ட சூழலில் இந்த இருவரும் சந்தித்தார்கள், பேசினார்கள், ஒரே மேடையில் அமர்ந்தார்கள். குன்றக்குடி மடத்துக்கு வந்த பெரியார், கொடுத்த திருநீற்றை மறுக்காமல் ஏற்றார் என்பார்கள். கூட்டத்தில் கடவுள் வாழ்த்துப் பாடினால், தள்ளாத வயதிலும் பிறர் தோளைப் பிடித்துக்கொண்டு பெரியார் எழுந்து நின்றதைப் பார்த்தவர்கள் எங்கள் வட்டாரத்திலேயே இருந்தார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது, அடிகளார் பிற்பாடு செய்த வேலைகள். ‘சாமி பெயரைச் சொல்லி மடங்கள் ஏழைக்கு என்ன செய்தன?’ என்பது நாத்திகர்கள் ஓயாமல் கேட்ட கேள்வி. அடிகளார் அதற்கு மறுப்புரை எழுதி முடித்துக்கொள்ளவில்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகளை அழைத்து வந்து, கிராமத்து மக்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து, கூட்டுறவு அமைத்துக் குன்றக்குடியைத் திட்டமிட்ட கிராமமாக்கினார். அது இந்தியா முழுக்கப் பேசப்பட்ட முன்மாதிரி. 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதி உயிர்கள் போனபோது அங்கே போய் இரண்டு பக்கமும் நடந்து சமாதானம் பேசினார். எதிராளியின் குற்றச்சாட்டைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டு வேலை செய்தவர் என்றே அவரை நான் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒருவரை மதித்துப் பேசுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த அளவு அதுதான்.

பெரியார் பக்கத்திலும் இதற்கு ஈடான ஒன்று உண்டு. நம்பிக்கையுள்ளவர்கள் அதை நன்றியோடு சொல்லிப் பழக வேண்டும். கோயிலே வேண்டாம் என்றவர், ‘கருவறைக்குள் எல்லாச் சாதியாரும் போகும் உரிமை வேண்டும்’ என்று கடைசி மூச்சுவரை கேட்டார். 1970-இல் பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிச் சட்டமன்றம் சட்டம் செய்தது. அதைத் தொடர்ந்து வழக்குகள், தீர்ப்புகள், இடைவெளிகள். 1973 டிசம்பரில் பெரியார் மறைந்தார். பல சாதிகளைச் சேர்ந்த பயிற்சி பெற்ற அர்ச்சகர்களை அரசு கோயில்களில் நியமித்தது 2021 ஆகஸ்டில். அந்தப் பிள்ளைகள் அத்தனை பேரும் பக்தர்கள். அவர்களுக்காகப் போராடியவர், அவர்கள் கும்பிடும் சாமியை நம்பாதவர். நம்மில் எத்தனை பக்தர்கள் அந்தப் பிள்ளைகளுக்காகத் தெருவில் இறங்கினோம்?

காந்தியும் கோராவும் பேசிய கதையை மச்சான்தான் எனக்கு முதலில் சொன்னார். கோரா ஆந்திரத்துக்காரர், முழு நாத்திகர். தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு வாழ்ந்து வேலை செய்தவர். கடவுள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டு 1930-இலேயே காந்திக்குக் கடிதம் எழுதினார். நேரில் பேச வாய்த்தது 1944-இல், சேவாகிராமத்தில். காந்தி முதலில் நாத்திகத்தை ஒப்பவில்லை. ஆனாலும் கோராவின் வேலையைப் பார்த்தார், கேட்டார், மறுபடி மறுபடி அழைத்துப் பேசினார். உண்மையே கடவுள் என்று 1931-லேயே சொல்லிவிட்ட மனிதருக்கு, உண்மையைத் தேடும் நாத்திகரோடு நடக்க வழி இருந்தது. கோராவின் மகளுக்கும் ஒரு தலித் இளைஞருக்கும் நிச்சயமான திருமணத்தை ஆசிரமத்திலேயே நடத்தி வைப்பதாகக் காந்தி ஒப்புக்கொண்டார். மணமக்கள் கடவுளை நம்பாதவர்கள் என்பதால் உறுதிமொழியில் கடவுள் இருக்கும் இடத்தில் உண்மையை வைத்துக்கொள்ளவும் இசைந்தார். 1948 ஜனவரியில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். திருமணம் அதே ஆண்டு மார்ச்சில் சேவாகிராமத்தில் நடந்தது.

இது நம் மண்ணுக்குப் புதிதா என்றால், இல்லை. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயத்தாரிடமும் போய் அவர்கள் கொள்கையைக் கேட்கிறாள். அந்த வரிசையில் பூதவாதியும் இருக்கிறான், கண்ணால் காண்பதைத் தவிர வேறொன்றையும் ஒப்பாதவன். அவனிடம் அவள் மாறுபட்டாள். ஆனால் அவன் முறை வந்தபோது அவனையும் பேசவிட்டுக் கேட்ட பிறகுதான் மாறுபட்டாள். எங்கள் மாவட்டத்துச் சித்தன்னவாசல் பாறையில் படுக்கை வெட்டிக்கொண்டு தவம் செய்த சமணர்களும் உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டு என்று ஒப்பாதவர்கள்தாம். ஆவுடையார்கோயிலில் கருவறைக்குள் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். வடிவம் இல்லாததைக் கும்பிடுகிற கோயிலும், படைத்தவனை ஒப்பாதவர்களின் குகையும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

பேச்சு அறுந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2013-இல் புனேயில் நரேந்திர தபோல்கர், 2015-இல் தார்வாடில் கல்புர்கி, 2017 மார்ச்சில் நம் கோயம்புத்தூரில் ஃபாரூக் என்று கேள்வி கேட்ட மூவர் கொல்லப்பட்டார்கள். சுட்டாலும் வெட்டினாலும் ஒரு கேள்வி சாகாது, ஆள்தான் சாகிறான். என் சாமியைக் காப்பாற்ற ஒருவன் கையில் ஆயுதம் எடுத்தால், அந்தச் சாமி மேல் அவனுக்கு நம்பிக்கை இல்லை என்றே நான் சொல்வேன்.

அவ்வளவு தூரம் போகாத கொடுமைகளும் உண்டு, அவை நம் வீட்டுக் கூடத்திலேயே நடக்கும். மச்சானுக்கு நெஞ்சுவலி வந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர், “சாமியைப் பழிச்ச வாய், சும்மா விடுமா?” என்று என் தங்கை காதில் விழவே சொன்னார். திருநீறும் கொண்டு வந்திருந்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அந்தத் திருநீற்றைத் தங்கை வாங்கவில்லை. அவள் வேண்டுதல் இல்லாத நாளே கிடையாது, ஆனாலும் வாங்கவில்லை. அதே மாதிரி, பால்குடம் எடுத்து வெயிலில் வந்துகொண்டிருந்த ஒரு கிழவியைப் பார்த்து டீக்கடை வாசலில் ஒரு பையன், “ஏன் ஆத்தா, கல்லு பால் குடிக்குமா?” என்று கேட்டுச் சிரித்தான். கடை பெஞ்சில் இருந்த மச்சான் எழுந்து வந்து அவன் தோளைப் பிடித்தார். “தம்பி, உண்டியல் பணம் எங்க போகுதுன்னு தர்மகர்த்தாகிட்ட கேளு, நானும் வர்றேன். மகன் பிழைக்கணும்னு குடம் தூக்குற ஆத்தாகிட்ட இதைக் கேக்காத” என்றார். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவரிடம் கேள்வி கேட்பது பகுத்தறிவு. துயரத்தில் இருப்பவரிடம் கேட்டுச் சிரிப்பது வேறு என்னவோ. அந்த ‘வேறு’ இரண்டு தரப்பிலும் இருக்கிறது, அதை அந்தந்தத் தரப்பார்தான் தட்டிக் கேட்க வேண்டும். நான் போய்க் கேட்டிருந்தால் அந்தப் பையன் என் நெற்றியைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருப்பான்.

இப்போது எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருக்கிற பேச்சைச் சொல்கிறேன். மச்சான் தன் உடலைப் புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுப்பதென்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எழுதி வைத்தால் மட்டும் போதாது. சாவுக்குப் பிறகு ஒப்படைக்க வேண்டியவர்கள் வீட்டார்தான், அவர்கள் மாட்டேன் என்றால் அந்தக் காகிதம் வெறும் காகிதம். தங்கை மாட்டேன் என்றாள். எரிக்காமல், காடாற்றாமல், பதினாறாம் நாள் கும்பிடாமல் விட்டால் அந்த உயிர் எங்கே போய் நிற்கும் என்பது அவள் பயம். மச்சான் அதற்குச் சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு விட்டார்.

மூவரும் உட்கார்ந்தோம். “மச்சான், உங்க சாஸ்திரத்துல இதுக்கு இடம் இருக்கா, நீங்களே சொல்லுங்க” என்றார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். உயிர் போன கூட்டை நாம் செய்கிற எதுவும் கட்டிப் போடாது என்றுதான் நான் படித்த சைவம் எனக்குச் சொல்கிறது என்றேன். தங்கை நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “உடம்பைக் கொடுத்துக்குங்க. பதினாறாம் நாள் படத்துக்கு முன்னால படையல் போடுவேன். அதைத் தடுக்கக் கூடாது” என்றாள்.

“போட்டுக்க. உனக்கு ஆறுதல்னா அதை ஏன் தடுக்கப் போறேன்? நான் ஒண்ணு கேக்குறேன். நான் போனதும் உன்னை நடுவீட்டுல உக்காரவச்சு, பூவைப் பிச்சு, பொட்டை அழிச்சு, தாலி அறுப்பாங்களே, அது நடக்கக் கூடாது.”

அவள் அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் அம்மாவுக்கு அது நடந்தபோது அவளுக்குச் சின்ன வயது, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தவள். “பொட்டு வச்சுக்குவேன். தாலியை நானே கழட்டி சாமி முன்னால வச்சுக்குறேன். யாரும் அறுக்க வேணாம்” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணே, பொறந்த வீட்டுக் கோடி நீங்கதான் கொண்டு வரணும். வெள்ளைச் சேலை எடுத்துக்கிட்டு வந்துடாதீங்க.”

கலர்ச் சேலைதான் எடுப்பேன் என்று ஒப்புக்கொண்டேன். பங்காளிகளில் இரண்டு பேர், மாரியம்மன் கோயில் முறைகாரர்கள், வழக்கத்தை மாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நிற்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச நானும் மச்சானும் சேர்ந்தே கிளம்புகிறோம்.