பத்தாயிரம் மணி நேரமும் ஜண்டை வரிசையும்

எங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்ககிட்ட ஒரு மேனேஜர் தவறாமல் சொல்வார்: "பத்தாயிரம் மணி நேரம் உழைச்சா எதுலயும் நிபுணர் ஆகலாம்." மால்கம் கிளாட்வெல் 2008-ல் எழுதிய 'அவுட்லையர்ஸ்' புத்தகம் பரப்பிய கணக்கு இது.

இதன் வேர் 1993-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. பெர்லினில் இசை படித்த வயலின் மாணவர்கள் எவ்வளவு நேரம் தனியாகப் பயிற்சி செய்தார்கள் என்று ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் கணக்கிட்டார்கள். மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாக 10,000 மணி நேரத்தைத் தொட்டிருந்தார்கள். அது வெறும் சராசரி. அதைத் தாண்டினால் நிபுணர் என்று ஆய்வு சொல்லவில்லை. தவறைக் காட்டித் திருத்த நல்ல ஆசிரியர் வேண்டும் என்பதையே எரிக்சன் பிறகும் வலியுறுத்தினார்.

கம்பெனிகளுக்கு எண் பிடித்துப்போச்சு, ஆசிரியர் மறந்துபோச்சு. ராத்திரி வரைக்கும் கோட் எழுதுறவருக்குப் பாராட்டு கிடைக்குது. கூட உட்கார்ந்து அதைத் திருத்திக் கொடுக்க யாருக்கும் நேரமில்லை.

நம்ம வீடுகளிலும் பாட்டு, பரதம், தமிழ்ப் பள்ளின்னு சனி, ஞாயிறு மணிக்கணக்கா நிரம்புது. என் எட்டு வயது மகள் வயலின் கத்துக்கிறா. தினமும் ஒரு மணி நேரம்னு நான் கணக்கு வைக்கிறதில்லை. இருபது நிமிஷம் பக்கத்துல உட்கார்றேன். டீச்சர் திருத்தின ஜண்டை வரிசையை மட்டும் வாசிக்கிறா. சுருதி விலகினா இப்ப அவளே நிறுத்திட்டு மறுபடி தொடங்குறா. அவ நிபுணர் ஆவாளோ இல்லையோ, வயலினை எடுன்னு யாரும் சொல்ல வேண்டியதில்லை.