நிலம் போடுதல்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் வீட்டின் தரையைத் தரை என்று சொல்வது குறைவு. நிலம் என்றே சொல்வோம். நிலம் கூட்டுதல், நிலம் கழுவுதல், நிலத்தில் பாய் விரித்தல் என்பன அன்றாட வழக்கு. சுவர் எழுப்பிக் கூரையும் போட்டு முடித்தவர், "இனி நிலம் போடவேணும்" என்பார். தமிழகத்து நண்பர் ஒருவர் இதை முதன்முதலாகக் கேட்டபோது, இருக்கிற நிலத்தை எப்படிப் போடுவீர்கள் என்று சிரித்தார்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. அந்தப் பகுதியை நான் பல ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வருகிறேன். நிலம் என்றால் காடும் மலையும் வயலும் கடற்கரையும் என்று கரும்பலகையில் எழுதுவேன். நான்கு சுவருக்குள் கிடக்கும் பதினெட்டடிக்குப் பன்னிரண்டடி நிலமும் அச்சொல்லின் எல்லைக்குள் வரும் என்பதை, எங்கள் பழைய கல்வீட்டைத் திருத்தத் தொடங்கிய பின்னரே நின்று யோசித்தேன்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊரே வெளியேறியது. எனக்கு அப்போது பத்து வயது. பின்னர் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. 2009 மே மாதம் போர் முடிந்த பிறகும் காணிகள் கட்டங் கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையின் முறை 2018 இல் வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகள். அப்பா அதற்கு முன்பே, வாடகை வீடொன்றில் காலமாகிவிட்டார். அம்மா இருந்தார்.

எங்களுடையது பாட்டனார் 1930களில் கட்டிய நாற்சார் வீடு. மண்சுவரும் கிடுகுக் கூரையும் பெருவழக்காயிருந்த காலத்தில், கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியதைப் பிரித்துக் காட்டக் கல்வீடு என்று சொன்னார்கள். குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. செம்மண் அதன்மேல் ஒரு போர்வை மட்டுமே. பல இடங்களில் அதன் ஆழம் சில அடிகளைத் தாண்டாது. கிணறு வெட்டினால் வருவது அந்தக் கல். அதைச் சுட்டால் வருவது சுண்ணாம்பு. அந்தக் கல்லை அடுக்கி, அந்தச் சுண்ணாம்பால் பிணைத்து ஒன்றரை அடித் தடிப்பில் சுவர் வைத்திருந்தார்கள்.

முதலில் அந்த வீட்டுக்குச் சாணமிட்டு மெழுகிய நிலம் இருந்ததாம். காங்கேசன்துறையில் 1950 இல் சீமெந்துத் தொழிற்சாலை வந்த பின்னர், அப்பா தம் இளவயதில் செந்நிறச் சாயம் கலந்த சீமெந்து நிலம் போட்டார். அந்தச் சீமெந்தும் இந்தப் பாறையிலிருந்தே வந்தது; முருங்கன் களிமண் அதற்குத் துணை. ஆக, சுவரும் நிலமும் ஊரின் அடியிலிருந்தே எழுந்தவை. தொழிற்சாலையும் ஊரைப் போலவே 1990 இல் அடங்கிப் போயிற்று.

நாங்கள் திரும்பிச் சென்றபோது கூரை இல்லை. ஓடு, பனஞ்சிலாகை, கதவு, நிலை யாவும் போயிருந்தன. சுவர்கள் நின்றன. நடுவறையில் ஒரு வேம்பு சுவரின் உயரத்தைத் தாண்டி நின்றது. நிலம் கண்ணுக்குத் தெரியவில்லை. சருகும் சுவரிலிருந்து உதிர்ந்த சாந்தும் மண்ணும் சேர்ந்து முழங்காலளவு மூடியிருந்தன.

கண்ணிவெடி அகற்றும் பணி முடிந்த காணி என்று எழுத்தில் உறுதி இருந்தது. ஆனாலும் அலவாங்கை மண்ணில் இறக்கும் கைக்கு எழுத்து மட்டும் போதுவதில்லை. இரும்போசை கேட்கும் போதெல்லாம் மேசன் அண்ணை கையை உயர்த்தி எல்லோரையும் விலகச் சொன்னார். பலமுறை அது ரவைக் கோதாக இருந்தது. ஒருமுறை நசுங்கிய மூக்குப்பேணி. அம்மா அதை வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்துவிட்டு, எங்களுடையதுதான் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மண்ணை அகற்றியதும் சிவப்பு நிலம் வெளிப்பட்டது. நூல் அழுத்திக் கட்டங் கட்டமாகக் கோடிட்ட நிலம். நடுவறையில் பெரும்பகுதி உறுதியாக இருந்தது. வேம்பு நின்ற வடகிழக்கு மூலையோ வெடித்து அமிழ்ந்திருந்தது. எவ்வளவு என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்குத்தான் மட்டக் குழாய். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை ஓரிடத்திலும் மறு முனையை வேறிடத்திலும் பிடிப்பார்கள். இடையில் சுவர் இருந்தாலும் வளைவு இருந்தாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அவ்வுயரத்தை அறை முழுவதும் குறித்துக் கோடு கிழித்து, கோட்டிலிருந்து கீழே அளந்தால் நிலம் எங்கே தாழ்ந்தது, எங்கே உயர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் முதற்குறியை எங்கே வைப்பது? தண்ணீர் அதைச் சொல்லாது. இரண்டு இடங்கள் சமமா என்பதை மட்டுமே அது சொல்லும். மேசன் அண்ணை குழாயைக் கையில் பிடித்தபடி கேட்டார்: "சேர், எதை மட்டமா எடுக்கிறது?"

வீட்டில் இதற்கு மூன்று விடைகள் இருந்தன. சித்தப்பா தெருவை எடுக்கச் சொன்னார். தெரு புதிதாகப் போடப்பட்டு உயர்ந்துவிட்டது, மாரியில் வெள்ளம் உள்ளே வரும், ஆகவே நிலத்தை ஓரடி உயர்த்தி ரைல்ஸ் பதித்துவிடலாம் என்பது அவர் கருத்து. தம்பி வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில், சுவரையும் இடித்துவிட்டு முழுதும் புதிதாகக் கட்டுவோம், பணம் நான் அனுப்புகிறேன் என்றான். இரண்டும் அன்பினால் சொல்லப்பட்டவை. இரண்டிலும் நியாயம் இருந்தது. அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, முழங்கால் நோவு. மேடுபள்ளமான நிலத்தில் ஒருமுறை தடுக்கி விழுந்தால் பிறகு எழும்புவாரா என்று தெரியாது. பழைய நிலம் பழையது என்பதற்காக அதை அப்படியே விட்டுவிட எவருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது விடை அம்மாவுடையது. "உடைஞ்ச மூலையைக் கட்டு தம்பி. நல்லா இருக்கிற நிலத்தை உடையாதை." ஏன் என்று கேட்டேன். இருபத்தெட்டு ஆண்டுகளில் தாம் படுத்தெழும்பிய நிலங்களை எண்ணிக் காட்டினார். பள்ளிக்கூட மண்டபம், உறவினர் விறாந்தை, முகாம் கூடாரத்து மணல், பிறகு வாடகை வீடுகள். பதினொன்று வந்தது. "எல்லாம் மற்றாக்களின்ரை நிலம்" என்றார்.

வாசற் படிக்கல்லை முதற்குறியாக எடுத்தோம். பாட்டனார் வைத்த ஒற்றைக் கல். பாறைமேல் அமர்ந்திருந்ததால் அசையவில்லை. குழாயை ஒழுங்கைவரை கொண்டுபோய்ப் பார்த்தபோது, உயர்ந்த தெருவின் நடுப்பகுதியைவிட எங்கள் பழைய நிலம் இன்னும் ஐந்தங்குலம் மேலே இருந்தது. சித்தப்பாவின் அச்சத்துக்கு அந்த ஐந்தங்குலம் விடை சொன்னது. முற்றத்துத் தண்ணீர் வெளியேற வாய்க்கால் ஒன்று திருத்தினால் போதும். உள்ளே வடகிழக்கு மூலை நாலரை அங்குலம் இறங்கியிருந்தது.

இறங்கியதன் காரணம் வேர் மட்டும் அன்று. உடைந்த பகுதியைப் பெயர்த்துத் தோண்டியபோது இரண்டரை அடியில் பாறை வந்தது. அதில் கை நுழையுமளவு ஒரு பிளவு. கூரையற்ற வீட்டில் இருபத்தெட்டு மாரி பெய்த தண்ணீர், நிலத்தின் வெடிப்புகளால் இறங்கி, அடியில் நிரப்பியிருந்த மண்ணைச் சிறிது சிறிதாக அந்தப் பிளவுக்குள் கழுவிக் கொண்டுபோயிருக்கிறது. மேலே சீமெந்துத் தோடு மட்டும் வெறுமையின்மேல் நின்று, ஒருநாள் விழுந்திருக்கிறது. இதன்மேல் மீண்டும் மண்ணைக் கொட்டி நிரவியிருந்தால் சில மாரிகளில் அதுவும் இறங்கிப் போயிருக்கும்.

மேசன் அண்ணை செய்தது இது. வேரை வெட்டி அகற்றினார். பிளவின் வாயில் அதற்குள் இறங்க முடியாத பெருங்கற்களை இறுக்கினார். அவற்றின்மேல் சிறுகல், அதன்மேல் அதனினும் சிறிய கல். தண்ணீர் போகும், மண் போகாது. பிறகு அரையடிப் படைகளாகக் கல்லைப் பரப்பி, நனைத்து, இடித்து இறுக்கி, அடுத்த படை. நிலத்தடி ஈரம் மண்ணில் ஊறி மேலேறுவதைப் போல இடைவெளியுள்ள கல்லடுக்கில் ஏறுவதில்லை. பழைய கல்வீடுகளின் சுவர்களில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. உள்ளே ஈரம் உலர வழியில்லாத தளத்தைச் சுவரோடு சுவராக இறுக்கிவிட்டால் அது சுவரில் ஏறிச் சாந்தை உதிர்க்கும். ஆதலால் கல்லடுக்கின்மேல் சுண்ணாம்புக் கலவைத் தளமே போட்டோம். அது சீமெந்தைப் போல ஒருநாளில் இறுகாது. ஈரச்சாக்கு விரித்து வாரக்கணக்கில் காத்திருந்தோம். அந்த ஒரு மூலைக்காக இவ்வளவு நாளா என்று தம்பி தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான்.

மேற்பூச்சுக்கு முன் மேசன் அண்ணை நூல் கட்டினார். மரத்தின் கோணலைத் தச்சன் நூலிட்டுத் தீர்ப்பது போல மனக்கோணலைத் தீர்ப்பது நூல் என்று பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் சொல்வதைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். அவர் கட்டிய நூல் முற்றிலும் மட்டமாக இல்லை. வாசலை நோக்கி மெல்லச் சரிந்தது. கேட்டபோது, முழுமட்டமான நிலத்தில் கழுவிய தண்ணீர் தேங்கும், பழைய நிலத்துக்கும் இந்த வாட்டம் உண்டு, அதைத்தான் தொடர்கிறேன் என்றார். படிக்கல்லை நோக்கிப் பத்தடிக்கு ஓரங்குலம். நடப்பவர் கால் அதை அறியாது, தண்ணீர் அறியும்.

புதிய சிவப்பு பழைய சிவப்போடு பொருந்தவில்லை. அறை முழுவதும் மெல்லிய பூச்சொன்று இட்டால் ஒட்டுத் தெரியாது என்றார்கள். அம்மா வேண்டாமென்றார். ஒட்டில் கால் தடுக்குகிறதா என்று மட்டும், கண்ணை மூடிக்கொண்டு வெறுங்காலால் தடவிப் பார்த்தார். தடுக்கவில்லை.

மட்டம் என்ற சொல்லைப் பற்றி அந்நாட்களில் அதிகம் யோசித்தேன். எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகள் தரைமட்டமாயின. செய்திகளில் அச்சொல்லைப் படித்துப் பழகிவிட்டோம். வீடும் வேலியும் மதிலும் இல்லாமல் சமப்படுத்தப்பட்ட வெளியில் நின்று தம் காணி எது என்று அறியாமல் திகைத்தவர்கள் பலர். கிணறுகளை வைத்துத்தான் அவர்கள் காணியை அடையாளங் கண்டார்கள். அதுவும் மட்டம்தான். எதையும் முதற்குறியாகக் கொள்ளாமல், உயர்ந்ததையெல்லாம் அழித்துப் பெறும் மட்டம். மேசன் அண்ணை செய்ததற்கும் அதே சொல்லே வழங்குகிறது. ஆனால் அவர் அசையாத கல்லொன்றைத் தேடிக் கண்டு, விழுந்ததை அதன் பழைய உயரத்துக்குத் தூக்கினார். மீள்குடியேற்றம் என்ற பெயரில் காணி உறுதியும் படிவங்களும் கையில் கிடைக்கின்றன, அவை தேவைதான். எங்கிருந்து அளப்பது என்ற கேள்விக்கு அவற்றில் விடையில்லை. அந்த ஊரில் இருந்தவரே அதைச் சொல்லவேண்டும். அம்மாவைப் போன்றவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். இன்னும் விடுவிக்கப்படாத காணிகளுக்குரியவர்கள் அதைச் சொல்லும் நாள்வரை இருப்பார்களா என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

எங்கள் பின்காணிக்காரர் வீட்டில் ஒரு சுவரும் மிஞ்சவில்லை. கிணறு இருந்தது, அதன் கட்டும் உடைந்திருந்தது. புதுவீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது அவர் வந்து, எங்கள் மட்டக் குழாயைக் கேட்டார். முன்பு இரு வீட்டு நிலமும் ஒரே உயரம் என்று அவர் தகப்பனார் சொல்வாராம். அம்மா அதை உறுதிப்படுத்தினார். மேசன் அண்ணை குழாயின் ஒரு முனையை எங்கள் படிக்கல்லில் பிடித்துக்கொள்ள, அவர் மறு முனையை வேலிக்கு மேலாக எடுத்துச் சென்று, வெறுங்காணியில் நட்ட தடியொன்றில் பென்சிலால் கோடு போட்டார்.