இருக்கன்குடி ரோட்டில் ஒரு அம்பாசடர்

சாத்தூரிலிருந்து கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர் போனால் இருக்கன்குடி. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் சேருகிற இடத்தில் மாரியம்மன் கோயில். இரண்டு கங்கை கூடுவதால் 'இருகங்கைக்குடி' என்று பெயர் வந்ததாக ஊரில் சொல்வார்கள். ஆடி கடைசி வெள்ளி நெருங்கினால் அந்த ரோடு நகராது. பாதயாத்திரைக் கூட்டம், கிடாயை ஏற்றிய வேன், டிராக்டர், நடுவே ஐஸ் வண்டி!

அந்த நெரிசலில்தான் மதுரையிலிருந்து வந்த வெள்ளை அம்பாசடரின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது.

ஓட்டியவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பின்சீட்டில் அவருடைய அம்மா, மடியில் மஞ்சள் துணியில் முடிந்த வெள்ளிக் கண்மலர். கண்ணில் கோளாறு என்றால் இருக்கன்குடிக்கு நேர்ந்துகொள்வது தென்மாவட்டத்து வழக்கம். புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கான நேர்த்திக்கடன் அது.

"என்னய்யா, வண்டி கொதிக்குதா? நான் நடந்தே போயிருதேன்" என்றார் அம்மா.

"சும்மா இருங்கம்மா. பாத்துக்கலாம்."

ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தார். அதுதான் சரி. இந்த வண்டியில் ஃபேன், இன்ஜின் பெல்ட்டில் சுற்றுவது. ஊர்ந்து போகையில் காற்று குறைவு, நிஜமாகவே சூடேறியிருக்கலாம். அலட்சியமாக ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும். 2014-ல் உத்தரபாராவில் தயாரிப்பையே நிறுத்திவிட்ட வண்டிக்கு அந்தச் செலவு லேசில் முடியாது.

பானெட்டைத் தூக்கினார். ஆவி இல்லை. 'புஸ்' சத்தம் இல்லை. தண்ணீர் ஒழுகின தடமும் இல்லை. ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கவில்லை. சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

அரை மணி நேரம் கழித்து, துணியைப் போட்டு மூடியை மெல்லத் திருகினார். தண்ணீர் கழுத்து வரை இருந்தது. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஓட்டாமலே முள்ளைப் பார்த்தார். ஆறின வண்டிக்கு அது காட்டின சூடு அதிகம். அப்போதுதான் பக்கத்து முள் கண்ணில் பட்டது. பாதி டேங்க்தான் போட்டிருந்தது. பெட்ரோல் முள்ளோ ஏறக்குறைய 'ஃபுல்'!

அதில்தான் விடை இருந்தது. டெம்பரேச்சர் முள் மட்டும் தப்பாகக் காட்டினால், இன்ஜினில் பொருத்தியிருக்கும் சென்சாரையோ அதன் ஒயரையோ சந்தேகப்படலாம். ஒயரைக் கழற்றினால் முள் கீழே விழ வேண்டும். ஒரு நொடி இன்ஜின் இரும்பில் தொட்டால் மேலே ஏற வேண்டும். இரண்டு முள்ளும் சேர்ந்து உயர்ந்தால் கோளாறு அவற்றுக்குப் பொதுவான இடத்தில். பல பழைய கார்களில் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டெபிலைசர் இருக்கும். ஓடும்போது பதினான்கு வோல்ட் வரை ஏறும் மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, மீட்டருக்குச் சராசரி பத்து வோல்ட்டாக்குவது அதன் வேலை. அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்ட்டும் போய், இரண்டு முள்ளும் பொய் சொல்லும்.

குனிந்து கையை விட்டார். எர்த் ஸ்குரூ துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து முடுக்கினார். மறுபடி மாட்டி சாவியைத் திருப்ப, ஒரு நிமிடத்தில் பெட்ரோல் முள் பாதிக்கு இறங்கியது. கிளம்பி ஓட்டியபோது டெம்பரேச்சர் முள்ளும் நடுவில் நின்றது.

அதிகமாகக் காட்டும் மீட்டராவது பரவாயில்லை, வண்டியை நிறுத்த வைக்கும். குறைவாகக் காட்டுவதுதான் ஆபத்து. தண்ணீர் இறங்கி சென்சார் வெறும் ஆவியில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக இருக்கலாம்.

வெயில் சாயும் நேரத்தில் கோயில் வாசல் வந்தது. ஆற்று மணலில் வரிசையாகப் பொங்கல் அடுப்புகள். அம்மா கண்மலரை உண்டியலில் போட்டுவிட்டு வந்து, "இப்போ முள்ளு எங்கய்யா நிக்குது?" என்று கேட்டார்.

"நடுவுலதாம்மா."

திரும்பும் வழியில் சாத்தூரில் ஒரு கிலோ காராச்சேவு வாங்கினார்கள். ஸ்டெபிலைசரை ஊருக்குப் போய் மாற்றிவிடுவதாக அவர் சொன்னார். அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு முள்ளையும் பார்த்தபடியே ஓட்டினார்.