குடைமிளகாயும் கோழிக்கறியும்

ஜெர்மனிக்குப் படிக்க வந்த முதல் மாதம் முழுக்க அம்மாவிடம் தினமும் ஒரு பொய் சொன்னேன். "சாப்பிட்டியாடா?" "சாப்பிட்டேம்மா." சாப்பிட்டது என்னவோ ரொட்டியும் ஜாமும்தான். வெளியே சாப்பிட்டால் கையைக் கடிக்கும். சமையலில் எனக்குத் தெரிந்தது வெந்நீர் வைப்பது மட்டும்.

ஒரு சனிக்கிழமை ரோஷம் வந்து, அரைக் கிலோ எலும்பில்லாத கோழிக்கறியும் மூன்று குடைமிளகாயும் வாங்கி வந்தேன். (சிவப்பு, மஞ்சள், பச்சை என்று டிராபிக் சிக்னல் மாதிரி ஒரே பாக்கெட்டில் விற்கிறார்கள்.) வாரச் செலவுக்கு வைத்திருந்த காசில் பாதி காலி. அம்மா குழம்பு வைப்பதை நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி மூடி வைத்தேன். திறந்தால் சட்டிக்குள் ஒரு குளம்! கறி ரப்பர், குடைமிளகாய் கூழ். அதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். காசாச்சே!

அதே சமையலறையைப் பயன்படுத்தும் சீன நண்பர் ஒருவர் இதைப் பார்த்தார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை. அடுத்த வாரம் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். அவர்கள் ஊரில் பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் போட்டு வீடுகளில் சாதாரணமாகச் செய்வதாம். எனக்காகக் கோழி.

செய்முறை இதுதான். கறியின் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிய கீற்றுகளாக வெட்டுங்கள். இரண்டு ஸ்பூன் சோயா சாஸ், ஒரு ஸ்பூன் சோளமாவு, கொஞ்சம் எண்ணெய் பிசறி 15 நிமிடம் வையுங்கள். குடைமிளகாயை விதை நீக்கி நீளமாக வெட்டி, பூண்டு, இஞ்சி நறுக்கி, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அப்புறம்தான் அடுப்பு. சட்டி நன்றாகக் காய்ந்ததும் எண்ணெய் விட்டு, கறியை இரண்டு தடவையாகப் பிரித்து வதக்கி, உள்ளே வெந்ததும் எடுத்துவிடுங்கள். பிறகு பூண்டு, இஞ்சி, குடைமிளகாய். இரண்டே நிமிடம், மொறுமொறுப்பு போகக்கூடாது. கறியைத் திரும்பப் போட்டு ஒரு புரட்டு. முடிந்தது. குடைமிளகாயில் காரம் தரும் கேப்சைசின் கிடையாது. நம் நாக்குக்கு இரண்டு காய்ந்த மிளகாய் கிள்ளிப் போடலாம்.

ஏன் இரண்டு தடவை? நான் செய்த தப்பே அதுதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். கறி சிவந்து மணக்க 140 டிகிரியாவது வேண்டும். 1912-ல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விவரித்த மாற்றம் இது. சட்டியை நிரப்பினால் சூடு இறங்கும், கறி விடும் நீர் தேங்கும். நீர் நிற்கும்வரை கறி வேகுமே தவிர வறுபடாது. மூடி போட்டால் கேட்கவே வேண்டாம். குழம்புக்கு அடுப்பில் பொறுமை வேண்டும். இதற்கு அந்தப் பொறுமையெல்லாம் வெட்டும்போதே. அடுப்பில் அவசரம்தான்.

அன்றிரவு போன் வந்தது.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா. கோழிக்கறி, நானே செஞ்சேன்." எப்படிச் செய்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார், "ஏண்டா, ஒரு சிட்டிகை மஞ்சத்தூள்கூடப் போடலையா?"