போல்ட் ஏறாத இரண்டு துளைகள்

தூத்துக்குடியில் பெரியப்பா வீட்டு முற்றத்தில் டைவிங் சாமான்களை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டிருந்தேன். பெரியப்பா வந்து பக்கத்தில் குந்தினார். பெல்ட்டில் கோத்திருந்த ஈயக்கட்டியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

"இது எதுக்குல?"

"உள்ள இறங்குறதுக்கு, பெரியப்பா. இல்லன்னா மிதந்துருவேன்."

"மேல வரும்போது?"

"அதுவும் கூடவே வரும்."

"கல்லு இறங்கத்தான? அதை எதுக்குத் திரும்பச் சுமந்துட்டு வார?"

தாத்தா முத்துக்குளித்தவர். தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்த 1961 வரை இறங்கியிருக்கிறார். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றிக்கொண்டு அடிமண்ணுக்குப் போவார். தரை தட்டியதும் காலை எடுத்துவிடுவார். தோணியில் நிற்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். சிப்பி அள்ளும் நேரம் முழுக்க அவர் உடம்பில் எடை கிடையாது. மூச்சு முட்டும்போது கயிற்றை அசைத்தால் மேலிருந்து தூக்குவார்கள். அந்தக் கயிற்றைப் பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வதுண்டு. கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அவன் கவனம் பிசக மாட்டான். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர் பெரியப்பா. பிறகு தானும் சங்கு குளித்தவர். அவர் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

அன்று இரவு என் பேக்பிளேட்டை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். துருப்பிடிக்காத எஃகுத் தகடு, ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், 2.7 கிலோ. நடுவில் முதுகெலும்பு போல ஒரு மடிப்பு. மேலும் கீழும் வெட்டிய காடிகளின் வழியே ஒரே நீள நாடா தோளுக்கும் இடுப்புக்கும் ஓடுகிறது. காற்றடைக்கும் பை, அதாவது விங், தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உட்காரும். எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது, நடு மடிப்பில் மேலொன்றும் கீழொன்றுமாக இருந்த இரண்டு வட்டத் துளைகளைத் தவிர. ஐந்து வருடத்தில் அவற்றில் ஒரு போல்ட்டைக்கூட நான் மாட்டியதில்லை. யாரோ ஒரு காரியத்துக்காகத்தான் துளைத்திருக்க வேண்டும். பெரியப்பாவின் கேள்வியும் இந்தத் துளைகளும் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டன.

தேடிப் படித்ததெல்லாம் வடக்கு ஃப்ளோரிடாவின் நீரூற்றுக் குகைகளையே கை காட்டியது. வேலை நிமித்தமாக அமெரிக்கா போக வேண்டி வந்தபோது இரண்டு நாள் ஒதுக்கி, சாமான்களோடு ஹை ஸ்ப்ரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே சான்டா ஃபே ஆற்றங்கரையில் ஜின்னி ஸ்ப்ரிங்ஸ் இருக்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து பீறிடும் தண்ணீர், கோடையிலும் குளிரிலும் ஒரே 22 டிகிரி. குகைப் பயிற்சி இல்லாத என் போன்றவர்களுக்கு 'பால்ரூம்' என்ற முன்குகை வரை அனுமதி உண்டு. ஏறக்குறைய 15 மீட்டர் ஆழம். அதன் கோடியில் இரும்புக் கம்பிச் சட்டம் போட்டு அடைத்திருக்கிறார்கள். சட்டத்துக்கு அப்பாலிருந்து வரும் நீரின் வேகத்தில் கம்பியைப் பிடித்தால் உடம்பு கொடி போல் பறக்கிறது.

நான் ஒரு தப்புச் செய்தேன். கடலில் கட்டும் அதே ஈயத்தை அங்கேயும் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். கடல்நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது. ஆளும் சாமானும் சேர்ந்து நூறு கிலோ என்றால், நல்ல தண்ணீரில் இரண்டரைக் கிலோ குறைத்துக் கட்ட வேண்டும். குறைக்காததால் விங்கில் அதிகக் காற்று அடைக்க வேண்டி வந்தது. காற்று நெஞ்சுப் பக்கம் ஏறிக்கொண்டது, ஈயம் இடுப்பைக் கீழே இழுத்தது, கால் தொங்கியது. ஃபின் நுனி தரையைத் தட்ட, மணல் புகையாகக் கிளம்பியது. பின்னால் வந்த இருவர் அப்படியே நின்றார்கள். அங்கே நீரோட்டம் உண்டு, ஒரு நிமிடத்தில் தெளிந்துவிட்டது. உள்ளே ஓட்டமில்லாத கிளைக் குகைகளில் தரை மணல் அல்ல, மாவு போன்ற களிமண். அங்கே ஒரு உதை விழுந்தால் கையிலிருக்கும் விளக்கைக் கண்ணெதிரே நீட்டினாலும் தெரியாது. வெளியே போகும் வழி எப்படித் தெரியும்?

கரையேறிய பிறகு, எழுபதுகளிலிருந்து அந்தக் குகைகளில் இறங்கி வந்த ஒரு முதியவரிடம் பேச வாய்த்தது. என் தகட்டை வாங்கித் திருப்பி, அந்த இரண்டு துளைகளில் விரலை விட்டார். இடைவெளி 11 அங்குலம், எந்தக் கம்பெனித் தகடானாலும் அதே அளவு என்றார். குகைக்குள் போகிறவர்கள் இரட்டைச் சிலிண்டர் கொண்டுபோவார்கள். இரண்டையும் பிணைக்கும் எஃகு வளையங்களிலிருந்து இரண்டு போல்ட்டுகள் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மாட்ட ஒரு தகடு வேண்டியிருந்தது. பேக்பிளேட்டின் பிறப்பு அவ்வளவுதான். என்னுடையது ஒற்றைச் சிலிண்டர். அதைக் காடிகளில் கோத்த பட்டையால் கட்டுகிறேன். அதனால்தான் அந்தத் துளைகள் எனக்கு ஊமையாக இருந்தன.

வட ஃப்ளோரிடாவின் குகைக்காரர்களுக்காக 1979இல் இந்தத் தகட்டை வடிவமைத்தவராக கிரெக் ஃபிளானகன் என்பவரைச் சொல்கிறார்கள். அதை மேலே எடுத்துச் சென்றவர் வில்லியம் ஹோகார்த் மெய்ன். நாடாவை வெட்டிக் கொக்கி வைத்து இணைப்பதைக் கைவிட்டு ஒரே துண்டாக ஓட்டுவது, தேவையில்லாத எதையும் உடம்பில் தொங்கவிடாமல் இருப்பது என்ற அவர் வழக்கத்துக்கு அவருடைய நடுப்பெயரே பெயராகிவிட்டது. ஹோகார்த்தியன் ஹார்னஸ் என்று இன்றும் சொல்கிறார்கள்.

ஆனால் தகடு தனியாக வரவில்லை. அதற்கு முன்னால் காற்றுப் பை முதுகுக்கு நகர வேண்டியிருந்தது, எனக்கு அதுதான் கதையின் உயிர்நாடியாகத் தோன்றியது. பிரான்சில் மோரிஸ் ஃபென்சி 1961இல் உருவாக்கிய மிதவைச் சட்டை கழுத்தில் மாட்டி நெஞ்சில் படிவது. எங்கள் கடலில் கல் இறங்கிய கடைசி ஆண்டும் அதே 1961 என்று கண்டபோது கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நெஞ்சில் மிதவை இருந்தால் மயங்கியவனின் முகம் நீருக்கு மேல் நிற்கும்; உயிர் காக்க அது நல்ல இடம். நீந்த அது நல்ல இடமல்ல. நெஞ்சு மேலே, இடுப்பு கீழே என்று ஆளை நிமிர்த்திவிடும். ஃப்ளோரிடாவின் ஆரம்பகாலக் குகைக்காரர்கள் துணி வெளுக்கும் திரவம் வரும் பிளாஸ்டிக் குடுவையைக் கூடக் கட்டிக்கொண்டு அதில் காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்திருக்கிறார்கள். 1972இல் வாட்டர்கில் என்ற கம்பெனி அட்-பேக் என்றொரு சாதனத்தை விற்றது. மிதவை முதுகில் சிலிண்டரை ஒட்டி வந்தது. ஈயக் குண்டுகளும் அந்த முதுகுப் பெட்டிக்குள்ளேயே. எடையும் மிதப்பும் பக்கத்துப் பக்கத்தில் குடியேறியது அங்கேதான்.

இதையெல்லாம் அவசரப்படுத்தியது களிமண். தகடு வந்த அதே 1979இல் ஷெக் எக்ஸ்லி குகை டைவிங் பற்றி ஒரு சிறு கையேடு வெளியிட்டார். நடந்த சாவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதியது. வெளிவாசல் வரை அறுபடாத வழிகாட்டிக் கயிறு, மூன்றில் இரண்டு பங்கு காற்றைத் திரும்பி வரவும் ஆபத்துக்கும் மிச்சம் வைப்பது, ஆழத்துக்கு எல்லை என்று அவர் விதிகள் வகுத்தார். அடிக்களிமண்ணைத் தொடாமல் போக வேண்டுமென்றால் உடம்பு பாய் விரித்தாற்போல் கிடக்க வேண்டும். நின்ற வாக்கில் நீந்துகிறவனின் ஒவ்வொரு உதையும் தரையைக் கலக்கும். கடலில் அழகுக்காகக் கற்றுக்கொள்ளும் கிடைநிலை, அதாவது ட்ரிம், அங்கே வீடு திரும்புவதற்கான ஏற்பாடு.

அன்றிரவு விடுதியில் கணக்கைப் புதிதாகப் போட்டேன். இத்தனை வருடம் 'எத்தனை கிலோ' என்றுதான் கேட்டுவந்தேன். 'எந்த இடத்தில்' என்று கேட்டதே இல்லை. நீருக்குள் ஆளை மேலே தூக்குவது பெரும்பாலும் நுரையீரலும் உடுத்தியிருக்கும் நியோப்ரீன் சூட்டும். அந்தத் தூக்கல் நெஞ்சை ஒட்டி இருக்கிறது. தகட்டின் எடை நேராக அதன் மேல் படிகிறது. போல்ட் மாட்டச் செய்த எஃகு, எடை இருக்க வேண்டிய இடத்தில் தானாக உட்கார்ந்துவிட்டது. நானோ மிச்ச ஈயம் முழுவதையும் இடுப்பில் கட்டி அந்த நன்மையைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். கால் தாழாமலிருக்க முன்பு சிலிண்டரை மேலே ஏற்றிக் கட்டிப் பார்த்தும் பயனில்லாமல் போனதற்குக் காரணம் இப்போது புரிந்தது. என் அலுமினிய சிலிண்டர் நீருக்குள் கிட்டத்தட்ட எடையற்றது. எடையில்லாததை எங்கே நகர்த்தினால் என்ன? எஃகு சிலிண்டர் என்றால் பலன் தெரிந்திருக்கும்.

பெரியப்பாவுக்கான பதிலும் அந்தக் கணக்கிலேயே இருந்தது. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பாருக்கு அடைத்த காற்று மட்டுமே ஏறக்குறைய 2.7 கிலோ. மூச்சு விட விட அது குறைகிறது; 50 பாரில் ஏறும்போது இரண்டு கிலோ போயிருக்கும். 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் சூட் 30 மீட்டரில் நசுங்கி மிதப்பில் பெரும்பகுதியை இழக்கிறது, மேலே வர வர அதைத் திரும்பப் பெறுகிறது. ஆக, ஆள் அதிகமாக மிதக்கும் நேரம் கடைசி நேரம்தான். அதே கடைசி நேரத்தில்தான் 5 மீட்டரில் மூன்று நிமிடம் அசையாமல் நின்று, உடம்பில் கரைந்த நைட்ரஜனைக் கழிக்க வேண்டும். தாத்தாவுக்குக் கல் இறங்குவதற்கு. எனக்கு ஈயம் ஏறும்போது நிற்பதற்கு.

மறுநாள் காலை ஈயத்தை இரண்டரைக் கிலோ குறைத்தேன். மீதியில் இரண்டு கிலோவை இடுப்பிலிருந்து எடுத்து, சிலிண்டரின் மேல் பட்டையில் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறு பைகளில் வைத்தேன். 40 சென்டிமீட்டர் இடமாற்றம்தான். பால்ரூமில் கம்பிச் சட்டத்துக்கு ஓரமாக, ஓட்டம் படாத இடத்தில், கை காலை அசைக்காமல் ஒரு நிமிடம் கிடந்தேன். மணல் கிளம்பவில்லை.

ஊர் திரும்பியதும் பெரியப்பாவிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கயிறு கொண்டுவந்தார். சிலிண்டர், தகடு, ஈயம் எல்லாவற்றையும் மாட்டச் சொல்லி, வேப்பங்கிளையில் கட்டித் தொங்கவிட்டார். ஒரு பக்கம் சாய்ந்தது. கயிற்றை இரண்டு விரல் நகர்த்தினார், மட்டமாக நின்றது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது காத்துல. தண்ணிக்குள்ள உன் நெஞ்சு மிதக்கும்லா?"

"ஆமா, பெரியப்பா."

"அப்ப இங்க தொங்கவிட்டு என்னத்தல பாக்க? தூக்கு."

கடற்கரையில் நெஞ்சளவு தண்ணீரில் அவர் நின்றார். நான் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு அவர் முன்னால் குப்புறக் கிடந்தேன். வயிற்றுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, மெல்ல நெஞ்சுப் பக்கம் நகர்த்தினார், மறுபடி கீழே கொண்டுவந்தார். பிறகு கையை எடுத்துவிட்டுத் தோளில் தட்டினார். தலையைத் தூக்கினேன்.

"கால் இன்னும் தாழுது. அரைக் கிலோ மேல ஏத்து."