கல்யாண டிவிடியில இருந்து பாட்டை மட்டும் பிரிச்சு எடுக்கிறது எப்படி?

பி.காம் படிக்கிற பய ஜிஎஸ்டி பத்தி எழுதாம கம்ப்யூட்டர் பக்கம் ஏன் வந்தான்னு நினைக்காதீங்க. டிவிடியில இருக்கிற பாட்டைத் தனியா எடுக்க முடியுமான்னு எங்க கிளாஸ்லயே நாலு பேர் கேட்டுட்டாங்க. எல்லார் கதையும் ஒண்ணுதான். வீட்ல டிவிடி இருக்கு, போட்டுப் பாக்க பிளேயர் இல்ல.

முதல்ல ஒரு குட்டி வணிகவியல் பாடம். நம்ம வீடுகள்ல இவ்வளவு டிவிடி எப்படிச் சேந்துச்சு? 2007-ல மோசர் பேயர் கம்பெனி சினிமா விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கினாங்க. திருட்டு விசிடியோட மோதுற விலையில ஒரிஜினல்! அதே கம்பெனி கடனை அடைக்க முடியாம திவால் நடவடிக்கைக்குப் போயி, 2018-ல கலைக்கச் சொல்லி உத்தரவு ஆயிடுச்சு. கம்பெனியே போயிடுச்சு, வட்டு மட்டும் இன்னும் நம்ம வீட்ல தூங்குது.

எங்க வீட்ல தூங்கினது 2008-ல பள்ளங்கியில நடந்த சித்தி கல்யாண டிவிடி. எடிட் பண்ணின அண்ணன் ரொம்பத் தாராள மனசுக்காரர். தாலி கட்டுறதுக்கு ஒரு சினிமாப் பாட்டு, பந்திக்கு ஒண்ணு, அழுகைக்கு ஒண்ணு. மூணு மணி நேரத்துல யார் பேசினதும் காதுல விழாது. நலுங்கு நடக்கிற இடத்துல மட்டும் ஏனோ பாட்டு போடாம விட்டுட்டார். அந்த ரெண்டு நிமிஷத்துல எங்க அம்மாச்சி பாடுறாங்க. வத்தலக்குண்டுல இருந்து வந்த மாப்பிள்ளை, பட்டப்பகல்ல ஸ்வெட்டர் போட்டும் நடுங்குறாரேன்னு கேலி பண்ணி, அங்கயே அவங்களா கட்டின பாட்டு.

அம்மாச்சி 2019-ல தவறிட்டாங்க. பூண்டு உரிக்கும்போது எத்தனையோ பாடுவாங்களாம். செல்போன்ல பதிவு பண்ற காலம் வந்தப்போ மூச்சு வாங்குதுன்னு பாடறதையே நிறுத்திட்டாங்க. ஆக, அவங்க குரல் இருக்கிறது அந்த ஒரே வட்டுல, அந்த ரெண்டு நிமிஷத்துல.

சரி, மேட்டருக்கு வருவோம். டிவிடியை கம்ப்யூட்டர்ல திறந்தா 'வீடியோ டிஎஸ்'னு ஒரு ஃபோல்டர் இருக்கும். உள்ள 'விஓபி'ன்னு முடியிற ஃபைல்கள், ஒவ்வொண்ணும் அதிகபட்சம் 1 ஜிபி. படமும் சத்தமும் அதுல பின்னிக் கிடக்கும். சத்தம் பெரும்பாலும் ஏசி-3ங்கிற டால்பி வடிவத்துல இருக்கும். நாம அந்தப் பின்னலைப் பிரிக்கணும், அவ்வளவுதான்.

1. லேப்டாப்ல டிரைவ் இல்லைன்னா யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு இரவல் வாங்குங்க. முதல் வேலையா மொத்த ஃபோல்டரையும் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி பண்ணுங்க. வட்டைத் திரும்பத் திரும்பச் சுத்த விடாதீங்க.

2. காப்பி பாதியில நின்னா பயப்பட வேணாம். 'டிடிரெஸ்க்யூ'ன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. படிக்க முடியிற பகுதியை எல்லாம் முதல்ல எடுத்துட்டு, கெட்டுப்போன இடங்களைப் பொறுமையா மறுபடி மறுபடி முயற்சி பண்ணும்.

3. 'எஃப்எஃப்எம்பெக்'ங்கிற இலவச மென்பொருள்ல சத்தத்தை மட்டும் 'காப்பி' பண்ணச் சொல்லுங்க. 'கன்வெர்ட்' பண்ணச் சொல்லாதீங்க, இதுதான் முக்கியம்! நேரா எம்பி3 ஆக்கினா மறுபடி சுருக்கும், குரல்ல கொஞ்சம் போயிடும். காப்பின்னா வட்டுல இருந்தது அப்படியே வரும். நொடிக்கு 192 கிலோபிட் வேகத்துல பதிஞ்சிருந்தா ஒரு மணி நேரத்துக்கு 86 எம்பிதான். இடம் ஒரு பிரச்சினையே இல்ல.

4. அப்புறம் 'ஆடாசிட்டி'யில திறந்து வேணுங்கிற பகுதியை வெட்டி எடுத்து ஃப்ளாக் வடிவத்துல வைங்க. வாட்ஸ்அப்ல அனுப்ப மட்டும் ஒரு எம்பி3.

இரைச்சலைக் குறைக்கிற வசதியும் அதுலயே இருக்கு. நான் கொஞ்சமா குறைச்சுப் பாத்துட்டு விட்டுட்டேன். ரொம்பத் தேய்ச்சா குரலும் சேந்து தேயுது. பின்னாடி பாத்திரச் சத்தம் கேட்டா கேக்கட்டும், கல்யாண வீடுதானே :)

மத்த இடங்கள்ல சினிமாப் பாட்டுக்கு அடியில மறைஞ்ச பேச்சை எடுக்க முடியுமா? மெதுவா வச்சு மேல பாட்டைக் கலந்திருந்தா, குரலைப் பிரிக்கிற இப்போதைய மென்பொருள்கள் ஓரளவு மீட்டுத் தரும். சத்தத்தையே நீக்கிட்டுப் பாட்டைப் போட்டிருந்தா எந்த மென்பொருளாலும் முடியாது. இல்லாததை எங்க இருந்து எடுக்கிறது? எங்க வட்டுல ரெண்டாவது கதைதான்.

சினிமா டிவிடிக்கும் இது ஆகுமான்னு கேப்பீங்க. நம்ம கொடைக்கானல் குகையில எடுத்த 'குணா' (1991) காலத்துல எல்லாம் கேசட்டுல பெரும்பாலும் பாட்டு மட்டும்தான் வரும். பின்னணி இசை வேணும்னு ரசிகர்கள் டிவிடியில இருந்துதான் உருவினாங்க. 5.1 வட்டா இருந்தா வசனம் பெரும்பாலும் நடு சேனல்ல இருக்கும், அதை விட்டுட்டு மத்ததை எடுத்தா இசை ஓரளவு தனியா கிடைக்கும். ஆனா சினிமா வட்டுகள்ல சிஎஸ்எஸ்னு ஒரு பூட்டு இருக்கும். 1999-ல அதை உடைக்கிற மென்பொருளை வெளியிட்டதுல ஒருத்தர் நார்வேயைச் சேர்ந்த 15 வயசுப் பையன். வழக்கு நடந்து 2003-ல விடுதலை ஆனார். நம்ம காப்புரிமைச் சட்டத்துல 2012-ல சேத்த 65ஏ பிரிவுப்படி, உரிமையை மீறுற நோக்கத்தோட பூட்டை உடைச்சா 2 வருஷம் வரைக்கும் சிறை. கல்யாண வட்டுல பூட்டும் இல்ல, வம்பும் இல்ல.

கடைசியா ஒண்ணு. கடையில வாங்கின சினிமா வட்டு அச்சுல அழுத்தினது. ஸ்டுடியோவுல எழுதித் தந்தது சாயத்துல லேசர் சுட்டது. வெயில், சூடு, ஈரம் எல்லாம் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். மாசக்கணக்கா மூட்டம் போடுற எங்க ஊர்ல கேக்கவே வேணாம். எங்க வட்டோட ஓரத்துல ஏற்கனவே வெளுத்துடுச்சு. நலுங்கு நடுவுல இருந்ததால தப்பிச்சுது. இப்ப அது லேப்டாப்ல, பென் டிரைவ்ல, சித்தி வீட்லன்னு மூணு இடத்துல இருக்கு. கேலிக்கு ஆளான சித்தப்பாவுக்கு அதுதான் ரிங்டோன்!

உங்க வீட்லயும் யாராவது பாடியிருப்பாங்க, யாராவது யாரையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்க. இந்த லீவுலயே எடுத்துடுங்க. பள்ளங்கிப் பக்கம் இருக்கிறவங்க ஞாயித்துக்கிழமை வட்டைத் தூக்கிட்டு வாங்க, டிரைவ் என்கிட்ட இருக்கு. கரண்ட் இருந்தா ஒரு மணி நேர வேலை.